லினக்ஸ் கணினிக்கு வேலை செய்யும் துவக்க வட்டு: புதியவர்களுக்கான வழிகாட்டி

நேற்றுவரை ஒழுங்காகத் துவங்கிய லினக்ஸ் கணினி இன்று காலையில் கறுப்புத் திரையில் "கிரப் ரெஸ்க்யூ" என்ற இரண்டு சொற்களோடு நின்றுவிட்டால், அதைச் சரிசெய்யத் தேவையான கருவிகள் அனைத்தும் அதே கணினியின் வன்வட்டுக்குள்தான் கிடக்கும். சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திய கதைதான் அது. வன்வட்டின் தயவு இல்லாமல் வெளியிலிருந்து கணினியைத் துவக்கித் தரும் ஒரு வட்டு கைவசம் இருந்தால் இந்தப் பழுதைப் பெரும்பாலும் அரை மணி நேரத்தில் நீக்கிவிடலாம். ஆனால் பலர் அந்த வட்டைப் பற்றி நினைப்பதே கணினி படுத்த பிறகுதான். அப்போதோ அதைச் செய்ய இன்னொரு கணினியைத் தேடி அலைய வேண்டியிருக்கும். ஆகவே, கணினி நலமாக இருக்கும்போதே துவக்க வட்டைச் செய்து, அது உண்மையில் துவங்குகிறதா என்று சோதித்து எடுத்துவைப்பது எப்படி என்பதை இங்கே விளக்குகிறேன். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்த பின்னர், பழைய கணினியில் முதன்முறையாக லினக்ஸை நிறுவ விரும்புவோருக்கும் இதே படிகள் பொருந்தும்.

"வட்டு" என்ற பெயர் 1.44 எம்பி நெகிழ்வட்டுக் காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது. அதன் பிறகு குறுவட்டு வந்தது, டிவிடி வந்தது; இன்று பென்டிரைவ் அந்த வேலையைச் செய்கிறது. வட்டமாக எதுவும் இல்லாவிட்டாலும் பெயரை யாரும் மாற்றவில்லை, நானும் மாற்றப் போவதில்லை.

பென்டிரைவும் ஐஎஸ்ஓ கோப்பும்

பென்டிரைவ் 8 ஜிபி அளவில் இருந்தால் பெரும்பாலான லினக்ஸ் வழங்கல்களுக்கு (உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் தொகுப்புகளுக்கு) போதும். லினக்ஸ் மின்ட் 22-இன் சின்னமன் பதிப்பு ஏறத்தாழ 3 ஜிபி, உபுண்டு 24.04 மேசைப் பதிப்பு ஏறத்தாழ 6 ஜிபி. டெபியனின் இணையவழி நிறுவல் கோப்பு 1 ஜிபிக்கும் குறைவு என்றாலும், அதில் நிறுவாமலே வட்டிலிருந்து நேரடியாக இயங்கிப் பார்க்கும் மேசைச் சூழல் இல்லை. நிறுவுவதற்கும் கட்டளைவழி மீட்புக்கும் மட்டுமே அது உதவும். பழுது நீக்கவும் பழகவும் ஒரே வட்டு வேண்டும் என்று கேட்கும் புதியவர்களுக்கு நான் லினக்ஸ் மின்டையே சொல்வேன். அளவு சிறியது, நேரடியாக இயங்கும் சூழலிலேயே "பூட் ரிப்பேர்" என்ற பழுதுநீக்கக் கருவி இருக்கிறது. நீங்கள் அன்றாடம் பயன்படுத்துவது உபுண்டுவாகவோ டெபியனாகவோ இருந்தாலும் மின்ட் வட்டைக் கொண்டு அதைத் திறந்து பார்க்க முடியும்.

பென்டிரைவ் வாங்கும்போது விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். 4 ஜிபி சில்லை உள்ளே வைத்து 64 ஜிபி என்று கணினிக்குப் பொய் சொல்லும் போலிகள் சந்தையில் உண்டு. எழுதும்போது எந்தப் பிழையும் காட்டாமல், துவக்கும்போது பாதியில் நின்று கழுத்தறுப்பவை அவை. சந்தேகம் இருந்தால் லினக்ஸில் "எஃப்3" என்ற கருவியையோ விண்டோஸில் "எச்2டெஸ்ட்டபிள்யூ" என்ற கருவியையோ கொண்டு முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சோதிக்கலாம். இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: துவக்க வட்டாக மாற்றும்போது பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பவை அனைத்தும் அழியும். குடும்பப் படங்கள் எதுவும் உள்ளே இருந்தால் முதலில் அவற்றை வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

ஒரு வட்டு முழுவதையும் ஒரே கோப்பாக அடக்கிய ஐஎஸ்ஓ கோப்பை அந்தந்த வழங்கலின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்தோ அந்தத் தளம் சுட்டும் பதிலித் தளங்களிலிருந்தோ மட்டுமே இறக்குங்கள். இறக்கிய பின், கோப்பு முழுமையாக வந்திருக்கிறதா என்று சரிபார்ப்பது பலரும் தாண்டிக் குதிக்கும் படி. எழுதிய வட்டு துவங்காமல் போவதற்கு மிகச் சாதாரணமான காரணம், பாதியில் அறுந்து ஒட்டிய பதிவிறக்கம்தான். தளத்தில் ஐஎஸ்ஓ கோப்புக்கு அருகிலேயே 64 எழுத்துகளும் எண்களும் கலந்த ஷா-256 சரிபார்ப்பு எண் ஒன்று கொடுக்கப்பட்டிருக்கும். உங்களிடம் உள்ள கோப்புக்கு அதே எண்ணைக் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். புதிய மின்ட் பதிப்புகளில் ஐஎஸ்ஓ கோப்பின்மேல் வலது சொடுக்கினால் "வெரிஃபை" என்ற தெரிவு வரும். விண்டோஸில் 7-ஜிப் நிறுவியிருந்தால் வலது சொடுக்குப் பட்டியலிலேயே ஷா-256 கணக்கிடலாம். எண்கள் 64-உம் ஒத்துப்போக வேண்டும். ஒரு பிட் மாறியிருந்தாலும் எண் முழுவதுமே வேறாகிவிடும் என்பதால், முதல் எட்டும் கடைசி எட்டும் பொருந்தினாலே பதிவிறக்கத்தில் பழுதில்லை என்று நம்பலாம்.

இந்தச் சரிபார்ப்பு பதிவிறக்கப் பழுதைக் கண்டுபிடிக்கும், வஞ்சகத்தைக் கண்டுபிடிக்காது. 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்டின் இணையதளத்தை ஊடுருவியவர்கள், 17.3 சின்னமன் பதிப்பின் பதிவிறக்கச் சுட்டியைப் பின்கதவு வைத்த ஒரு போலி ஐஎஸ்ஓ கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். தளத்தில் சுட்டியை மாற்ற முடிந்தவர்களால் அதன் அருகில் உள்ள சரிபார்ப்பு எண்ணையும் மாற்ற முடியும். அதனால்தான் சரிபார்ப்பு எண்கள் அடங்கிய கோப்புக்கு வழங்கலின் உருவாக்குநர்கள் மின்கையொப்பமும் இடுகிறார்கள். அதையும் சேர்த்துச் சரிபார்ப்பதே முழுமையான முறை. வீட்டுக் கணினிக்கு எண்ணை ஒப்பிடுவதோடு நிறுத்திக்கொள்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அலுவலகக் கணினிகளுக்கான வட்டு என்றால் கையொப்பத்தையும் பாருங்கள்.

நகலெடுப்பது வேறு, எழுதுவது வேறு

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. ஐஎஸ்ஓ கோப்பை இழுத்துப் பென்டிரைவுக்குள் போட்டால் அது அங்கே ஒரு பாட்டுக் கோப்பைப் போலச் சும்மா கிடக்கும். கணினி அதைத் துவக்காது. காரணம் எளிது. கணினியைப் போட்டவுடன் முதலில் விழிக்கும் நிலைபொருளுக்குக் கோப்புகளைத் தேடும் அறிவு மிகக் குறைவு. பழைய பயாஸ், வட்டின் முதல் 512 பைட்டுகளை மட்டும் படிக்கும். அதில் 446 பைட்டுகளுக்குள் துவக்க நிரல் இருக்க வேண்டும். புதிய யுஇஎஃப்ஐ சற்றுப் படித்தது. அது ஃபேட் வகைப் பிரிவு ஒன்றைத் தேடி, அதற்குள் "இஎஃப்ஐ" என்ற கோப்புறை, அதற்குள் "பூட்" என்ற கோப்புறை, அதற்குள் குறிப்பிட்ட பெயரில் ஒரு துவக்கக் கோப்பு என்று வரிசையாகப் பார்க்கும். இன்றைய ஐஎஸ்ஓ கோப்புகளுக்குள் இந்த இரண்டு ஏற்பாடுகளும் உரிய இடங்களில் ஏற்கெனவே வைக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் கோப்பின் முதல் பைட்டு பென்டிரைவின் முதல் பைட்டாகவும், அடுத்தது அடுத்ததாகவும், அப்படியே அச்செடுத்தது போல இறங்கினால்தான் அவை உரிய இடத்தில் அமரும். "எழுதுதல்" என்று சொல்வது இதைத்தான்.

லினக்ஸ் கணினியில் எழுதுவதற்குத் தனியாக எதையும் நிறுவத் தேவையில்லை. மின்டில் ஐஎஸ்ஓ கோப்பின்மேல் வலது சொடுக்கித் துவக்கப் பென்டிரைவ் உருவாக்கும் தெரிவை எடுக்கலாம். "யூஎஸ்பி இமேஜ் ரைட்டர்" என்ற கருவி திறக்கும், பென்டிரைவைத் தேர்ந்தெடுத்து எழுதச் சொன்னால் போதும். உபுண்டுவில் "ஸ்டார்ட்அப் டிஸ்க் கிரியேட்டர்" உள்ளது. க்னோம் மேசைச் சூழல் உள்ள எந்த வழங்கலிலும் "டிஸ்க்ஸ்" என்ற கருவியில் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்து, மேலே உள்ள பட்டியலில் "ரீஸ்டோர் டிஸ்க் இமேஜ்" என்பதைச் சொடுக்கி ஐஎஸ்ஓ கோப்பைக் காட்டலாம்.

கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையத்தில் வேலை செய்யப் பழகியவர்கள் "டிடி" கட்டளையை விரும்புவார்கள். அதில் "ஐஎஃப்" என்பது எந்தக் கோப்பிலிருந்து என்பதையும், "ஓஎஃப்" என்பது எந்தக் கருவிக்கு என்பதையும் குறிக்கும். டிடி எந்தக் கேள்வியும் கேட்காது, எச்சரிக்காது. காட்டிய இடத்தில் எழுதிவிட்டுப் போய்விடும். அதை "வட்டு நாசகாரி" என்று கேலி செய்வது அதனால்தான். எழுதுவதற்கு முன், கணினியோடு இணைந்த வட்டுகளைப் பட்டியலிடும் "எல்எஸ்பிஎல்கே" கட்டளையைப் பென்டிரைவ் செருகாமல் ஒரு முறையும், செருகியபின் ஒரு முறையும் இயக்குங்கள். இரண்டாவது பட்டியலில் புதிதாகத் தோன்றுவதும், அளவில் உங்கள் பென்டிரைவோடு பொருந்துவதும்தான் எழுத வேண்டிய இடம். "எஸ்டிபி" என்று கண்டால் அந்தப் பெயரையே கொடுக்க வேண்டும். "எஸ்டிபி1" என்று இறுதியில் எண் சேர்த்தால் அது முழு வட்டைக் குறிக்காமல் உள்ளே இருக்கும் ஒரு பிரிவை மட்டும் குறிக்கும், எழுதிய வட்டு துவங்காது. வெளிப்புற வன்வட்டுகள் எதுவும் செருகியிருந்தால் முதலில் கழற்றி வைத்துவிடுங்கள். ஒரு முறை அவசரத்தில் இதைச் செய்யாமல், இரண்டு ஆண்டுக் காப்புப் பிரதிகள் இருந்த வன்வட்டின்மேல் ஐஎஸ்ஓ கோப்பை எழுதி முடித்துவிட்டு, "எவ்வளவு வேகமாக எழுதியது!" என்று நான் வியந்தும் இருக்கிறேன். டிடி என்றாலே நடுங்குபவர்களுக்கு ஒரு செய்தி: டெபியனின் நிறுவல் கையேடு, சாதாரண நகல் கட்டளையான "சிபி"யைக் கொண்டே ஐஎஸ்ஓ கோப்பைக் கருவியின் பெயருக்கு நகலெடுக்கச் சொல்கிறது. விளைவு ஒன்றுதான், தவறான பெயர் கொடுத்தால் வரும் ஆபத்தும் ஒன்றுதான்.

எழுதி முடிந்ததாகத் திரை சொன்னவுடன் பென்டிரைவைப் பிடுங்கிவிடாதீர்கள். லினக்ஸ் எழுத வேண்டியதை முதலில் நினைவகத்தில் வாங்கிக்கொண்டு, பிறகு மெதுவாகப் பென்டிரைவில் இறக்கும். ஆதலால் 100 விழுக்காடு என்று காட்டும்போது இன்னும் பல நூறு எம்பி வழியிலேயே இருக்கக்கூடும். "சிங்க்" கட்டளையை இயக்கி அது முடியும்வரை காத்திருங்கள், அல்லது கோப்பு மேலாளரில் பென்டிரைவை முறைப்படி வெளியேற்றுங்கள். விளக்கு மினுக்குவது நின்ற பின் எடுங்கள். பிறகு மீண்டும் செருகி, "சிஎம்பி" கட்டளையால் ஐஎஸ்ஓ கோப்பையும் பென்டிரைவையும் பைட்டு பைட்டாக ஒப்பிடலாம். பென்டிரைவ் பெரியது என்பதால் இறுதியில் ஐஎஸ்ஓ கோப்பு முடிந்துவிட்டது என்று மட்டும் செய்தி வந்தால் எல்லாம் சரி. நடுவில் இன்ன பைட்டில் வேறுபாடு என்று சொன்னால் மீண்டும் எழுதுங்கள், அப்போதும் அதே செய்தி வந்தால் பென்டிரைவைக் குப்பையில் போடுங்கள்.

விண்டோஸ் கணினியில் எழுதுவோருக்கு ரூஃபஸ் நல்ல கருவி. அதை நிறுவ வேண்டியதே இல்லை, இறக்கி நேரடியாக இயக்கலாம். பென்டிரைவையும் ஐஎஸ்ஓ கோப்பையும் தேர்ந்தெடுத்துத் தொடங்கினால், பெரும்பாலான லினக்ஸ் கோப்புகளுக்கு அது ஒரு கேள்வி கேட்கும்: ஐஎஸ்ஓ முறையில் எழுதவா, டிடி முறையில் எழுதவா என்று. ஐஎஸ்ஓ முறையில் கோப்புகளைப் பிரித்து ஃபேட் பிரிவில் அடுக்கும். டிடி முறையில் மேலே சொன்னபடி அச்செடுக்கும். முதலில் ஐஎஸ்ஓ முறையில் முயன்று, துவங்காவிட்டால் டிடி முறையில் மீண்டும் எழுதுவது நடைமுறையில் போதுமானது. டிடி முறையில் எழுதிய பென்டிரைவை விண்டோஸில் செருகினால், "இந்த வட்டை வடிவமைக்க வேண்டும்" என்று விண்டோஸ் கேட்கக்கூடும். அதற்கு லினக்ஸின் கோப்பு முறைமை புரியவில்லை, அவ்வளவுதான். சம்மதித்துவிட்டால் செய்த வேலை எல்லாம் வீண்.

ஒரே பென்டிரைவில் பல வழங்கல்களை வைத்துக்கொள்ள விரும்புவோர் வென்டாய் என்ற கருவியைப் பார்க்கலாம். அதை ஒரு முறை பென்டிரைவில் நிறுவிவிட்டால், அதன் பிறகு ஐஎஸ்ஓ கோப்புகளை வெறுமனே நகலெடுத்தாலே போதும். துவக்கும்போது ஒரு பட்டியல் காட்டி எது வேண்டும் என்று கேட்கும். நகலெடுப்பது வேறு என்று இவ்வளவு நேரம் சொன்னதற்கு இது ஒன்றே விலக்கு. பழகியபின் இது மிக வசதியானது. முதல் வட்டுக்கு ஒரு கோப்பு, ஒரு பென்டிரைவ் என்று தொடங்குவதே குழப்பமற்றது.

துவக்கிப் பார்த்தல்

எழுதிய வட்டு வேலை செய்கிறதா என்பதை, நாளை எந்தக் கணினிக்கு அது தேவைப்படுமோ அதே கணினியில் இன்றே பார்க்க வேண்டும். கணினியை முழுமையாக அணைத்து, பென்டிரைவைச் செருகி, மின்பொத்தானை அழுத்தியவுடன் துவக்கப் பட்டியலுக்குரிய விசையைத் தொடர்ந்து தட்டுங்கள். டெல் கணினிகளிலும் லெனோவோ திங்க்பேட்களிலும் எஃப்12. எச்பி மடிக்கணினிகளில் எஸ்கேப் விசைக்குப் பின் எஃப்9. ஆசுஸ் மடிக்கணினிகளில் எஸ்கேப். எம்எஸ்ஐ தாய்ப்பலகைகளில் எஃப்11. ஏசரில் எஃப்12 தான், ஆனால் பல மாதிரிகளில் அதை முதலில் நிலைபொருளின் அமைப்புப் பகுதியில் இயக்கிவைக்க வேண்டும். விண்டோஸும் உள்ள கணினி என்றால், ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு மறுதொடக்கம் கொடுத்து, வரும் நீலத் திரையில் கருவியிலிருந்து துவக்கும் தெரிவை எடுக்கலாம். விண்டோஸின் விரைவுத் துவக்க ஏற்பாட்டால் விசையைத் தட்ட நேரமே கிடைக்காத கணினிகளில் இது கைகொடுக்கும்.

பட்டியலில் பென்டிரைவின் பெயர் இரண்டு முறை தோன்றினால் ஒன்றில் "யுஇஎஃப்ஐ" என்ற முன்னொட்டு இருக்கும். உங்கள் லினக்ஸ் எந்த முறையில் நிறுவப்பட்டதோ அதே முறையில் வட்டையும் துவக்க வேண்டும். யுஇஎஃப்ஐ முறையில் நிறுவிய கணினியைப் பழைய பயாஸ் முறையில் துவக்கிய வட்டிலிருந்து பழுதுபார்க்க முனைந்தால், நிலைபொருளின் துவக்கப் பதிவுகளைத் தொடவே முடியாது. கணினி நலமாக இருக்கும் இப்போதே பார்த்து எழுதி வையுங்கள்: கோப்பு முறைமையின் வேரில் உள்ள "சிஸ்" கோப்புறைக்குள் "ஃபர்ம்வேர்", அதற்குள் "இஎஃப்ஐ" என்ற கோப்புறை இருந்தால் கணினி யுஇஎஃப்ஐ முறையில் துவங்கியிருக்கிறது, இல்லாவிட்டால் பழைய முறை.

மேசைத்திரை வந்ததும் மகிழ்ந்து அணைத்துவிடாமல், மேலும் சிலவற்றைப் பாருங்கள். வைஃபை இணைகிறதா, விசைப்பலகையும் தொடுபலகையும் இயங்குகின்றனவா, முக்கியமாக, உங்கள் வன்வட்டு கோப்பு மேலாளரில் தெரிகிறதா என்று சோதியுங்கள். இன்டெல் செயலியுள்ள பல புதிய மடிக்கணினிகளில் விஎம்டி அல்லது ஆர்எஸ்டி என்ற சேமிப்பக ஏற்பாடு இயக்கத்தில் இருந்தால், நிறுவல் திரையில் வன்வட்டே இல்லை என்று காட்டக்கூடும். அமைப்புப் பகுதியில் அதை ஏஎச்சிஐ முறைக்கு மாற்றினால் தெரியும். ஆனால் அதே கணினியில் விண்டோஸும் இருந்தால் அந்த மாற்றத்துக்குப் பின் விண்டோஸ் துவங்காமல் போகலாம் என்பதால், அதற்குரிய முன்னேற்பாடு இல்லாமல் கை வைக்க வேண்டாம். பிட்லாக்கர் பூட்டியுள்ள விண்டோஸ் என்றால், அமைப்புப் பகுதியில் எதைத் தொடுவதற்கு முன்பும் அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

துவங்காவிட்டால்

பட்டியலில் பென்டிரைவே தோன்றாவிட்டால் முதலில் வேறு யூஎஸ்பி துளையில் செருகிப் பாருங்கள். மேசைக்கணினியில் முன்பக்கத் துளையை விடத் தாய்ப்பலகையோடு நேரடியாக இணைந்த பின்பக்கத் துளை நம்பகமானது. தோன்றியும் துவங்காமல் பாதுகாப்பு மீறல் என்ற செய்தி வந்தால், அது, நம்பகமான கையொப்பம் இல்லாத துவக்க நிரல்களை மறுக்கும் நிலைபொருள் ஏற்பாடான செக்யூர் பூட் தடுப்பது. உபுண்டு, டெபியன், ஃபெடோரா, மின்ட் ஆகியவை மைக்ரோசாப்ட் கையொப்பமிட்ட "ஷிம்" என்ற சிறு நிரலோடு வருவதால் செக்யூர் பூட்டோடும் துவங்கும்; ஆர்ச் லினக்ஸின் அதிகாரபூர்வ ஐஎஸ்ஓவுக்கு அதை அணைத்தாக வேண்டும். வென்டாயில் முதல் முறை துவக்கும்போது சாவியைப் பதியச் சொல்லும் ஒரு நீலத் திரை வரும். அதைப் பழுது என்று எண்ணிவிட வேண்டாம்.

துவக்கப் பட்டியல் வந்து, லினக்ஸைத் தேர்ந்தெடுத்த பின் திரை கறுத்துப்போனால் பெரும்பாலும் வரைகலை அட்டைதான் காரணம். என்விடியா அட்டை உள்ள கணினிகளில் இது அடிக்கடி நிகழும். மின்டின் பட்டியலில் "கம்பேட்டிபிலிட்டி மோட்" என்பதையும் உபுண்டுவில் "சேஃப் கிராஃபிக்ஸ்" என்பதையும் தேர்ந்தெடுத்தால் திரை வந்துவிடும். பாதியில் படிப்புப் பிழைகள் வரிசையாக ஓடினால் சரிபார்ப்பு எண்ணுக்கும் பென்டிரைவின் நலத்துக்கும் திரும்பிப் போங்கள்.

வட்டைக் கொண்டு பழுது நீக்குதல்

லினக்ஸைத் துவக்கித் தரும் நிரலான துவக்க ஏற்றி (கிரப்) கெட்ட கணினிக்கு, மின்ட் வட்டால் துவக்கி, இணையத்தில் இணைத்து, "பூட் ரிப்பேர்" கருவியைத் திறந்து பரிந்துரைக்கப்பட்ட பழுதுநீக்கத்தை அழுத்துவதே புதியவர்களுக்கு ஏற்ற வழி. வன்வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால் அதற்கு முன் கோப்பு மேலாளரில் கடவுச்சொல் கொடுத்துத் திறக்க வேண்டும். கோப்பு முறைமையில் பிழை என்றால் "எஃப்எஸ்சிகே" கட்டளை உதவும். இயங்கிக்கொண்டிருக்கும் முறைமையின் வேர்ப் பிரிவை அதனால் பாதுகாப்பாகச் சரிசெய்ய முடியாது, ஓடுகிற வண்டிக்குச் சக்கரம் மாற்ற முடியாதது போல. வெளியிலிருந்து துவக்கும் வட்டுக்கு இருக்கும் மதிப்பே அதுதான். வன்வட்டே சாகும் நிலையில் இருப்பதாகத் தோன்றினால் பழுது நீக்கும் எண்ணத்தை ஒதுக்கிவைத்து, முதலில் உங்கள் கோப்புகளை இன்னொரு வட்டுக்கு நகலெடுங்கள்.

செய்துவைத்த வட்டுக்கும் வயதாகும். 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் புதுப்பித்தல் ஒன்று, பழைய ஷிம் நிரல்களை நிலைபொருள் மறுக்கும்படி செய்துவிட்டது. விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருந்த கணினிகள் பலவற்றில் லினக்ஸ் துவங்காமல் போனது, அதைச் சரிசெய்யலாம் என்று எடுத்த பழைய துவக்க வட்டுகளும் அதே காரணத்தால் துவங்கவில்லை. அப்படி நேர்ந்தால் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். ஆண்டுக்கு ஒரு முறை புதிய ஐஎஸ்ஓ கோப்பை எழுதி, மீண்டும் ஒரு முறை துவக்கிப் பார்த்துவிடுவது நல்லது. வழங்கலின் பெயர், பதிப்பு, எழுதிய மாதம், உங்கள் கணினியின் துவக்க விசை, யுஇஎஃப்ஐயா பழைய முறையா என்பது ஆகிய ஐந்தையும் ஒரு சிறு காகிதத்தில் எழுதிப் பென்டிரைவோடு கட்டிவிடுங்கள். அந்த விவரங்களைத் தேட வேண்டிய நாளில் கணினி இயங்கிக்கொண்டிருக்காது.

பிற்காலத்தில் அந்தப் பென்டிரைவை மீண்டும் சாதாரணமாகப் பயன்படுத்த நினைத்தால், அது திடீரென்று சில எம்பி அளவுக்குச் சுருங்கிவிட்டதாகத் தோன்றக்கூடும். பென்டிரைவ் கெடவில்லை, ஐஎஸ்ஓவின் பிரிவு அட்டவணை இன்னும் அதில் இருக்கிறது. லினக்ஸில் "டிஸ்க்ஸ்" கருவியில் ஒரு பிரிவை மட்டும் எடுக்காமல் முழு வட்டையும் வடிவமைத்து, புதிதாக ஒரு பிரிவை உருவாக்கினால் முழுக் கொள்ளளவும் திரும்பக் கிடைக்கும். விண்டோஸில் ரூஃபஸைத் திறந்து, துவக்கத் தெரிவாக "நான் பூட்டபிள்" என்பதை வைத்து இயக்கினாலும் அதே பலன்.